எந்த பஸ் என்று கேட்டவர்கள்

இதை எழுதச் சொன்னது என் பெண்டாட்டி. பேசுகிறவள் அவள். அவளே சொல்லியிருக்கலாம். தான் சொன்னால் பொழுது போய்விடும், நான் எழுதினால் சுருக்காக முடியும் என்றாள். சரி என்று உட்கார்ந்தேன்.

நான் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற ரோட்டை ஒட்டி வீடு. ஐந்தாவது வரை படிப்பு. அதற்கு மேல் அடுப்பு. ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். அவளை மாஸ்டர் வூட்டம்மா என்பார்கள். எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பொம்பளைக்கு அதுதான் பேர். சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருக்கும்.

அவள் ஹோமில் வளர்ந்தவள். அப்பா அம்மா யார் என்று தெரியாது. கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. யாரோ பிறந்தநாளுக்கு அந்த ஹோமில் சாப்பாடு போட்டார்கள். சமைக்கப் போனேன். வெங்காயம் உரிக்க வந்த பெண்களில் ஒருத்தி ஒரு கூடை உரித்து முடிக்கிற வரைக்கும் பேசினாள். நான் மூன்று தடவை "ம்" என்றேன். அடுத்த தையில் கல்யாணம்.

இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குக் காது குத்தியபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பிள்ளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில். மாமன் மாலையோடும் தட்டோடும் வர வேண்டும். பணம் இருக்கிற வீடு, இல்லாத வீடு, எல்லாருக்கும் இதுதான். மாமன் வரவில்லையென்றால் அந்தப் பொம்பளைக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். எங்களிடம் மாமன் இல்லை. என்னோடு பந்தி பரிமாறுகிற கூட்டாளியை உட்கார வைத்தேன். நல்ல மனுசன். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

எங்கள் பங்காளி வீட்டு அத்தை ஒருத்தி, பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாமன நல்லா தான் புட்ச்சிகீறான். நாள் வாடகையா, மாச வாடகையா?" என்றாள்.

என் பெண்டாட்டியும் சிரித்தாள். வாடகை இல்லை, ஒத்திக்கு எடுத்தது என்று பதிலும் சொன்னாள். அன்றைக்கு இருநூறு பேர் சாப்பிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றாள். நான் சமைக்கிறவன். பசிக்காத முகம் எது என்று எனக்குத் தெரியும்.

பிறகு பெண் பிறந்தது. ஒரு வயதில் குத்தலாம் என்றேன். சளி என்றாள். இரண்டாவது வருசம் எங்கள் பக்கம் குத்த மாட்டார்கள், ஒற்றைப்படை வயதுதான். மூன்று வந்துவிட்டது. அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதற்குள் போன் வந்திருந்தது. சமைக்கப் போனால் நான் வீடு திரும்ப இரண்டு நாள் ஆகும். பேசுவதற்கு என்று வாங்கிக் கொடுத்தேன். நான் போனிலும் "ம்" என்றுதான் சொல்வேன். அவளுக்குப் போதவில்லை. எதிர் வீட்டில் காலேஜ் படிக்கிற பெண், உன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் போதாது, ஊரே வேண்டும் என்று சொல்லி வீடியோ போடக் கற்றுக்கொடுத்தாள். சேனலுக்கு ஒரு பேரும் வைத்துக் கொடுத்தாள். நல்ல பேர்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பேரில் யாரும் கிடையாது.

முதல் வீடியோவில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். பின்னால் என் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மீன்காரர் இன்றைக்கு வரவில்லை, அதனால் கத்திரிக்காய்க் காரக் குழம்பு, உங்கள் வீட்டில் இன்னா கொழம்பு என்று கேட்டாள். அவ்வளவுதான் வீடியோ. ஏழு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் ரசம் என்றார். ஒருவர் இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றார். மறுநாள் அந்த அடுப்பு பற்ற வைக்காதவரைத்தான் முதலில் கேட்டாள். நேத்து அப்பால இன்னா துன்ன என்று.

அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

சமையல்காரன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு சமையல்கூடச் சொல்லாமல் இது என்ன பேச்சு என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் நானே நின்று கறிக் குழம்பு வைத்துக் காட்டினேன். வெங்காயம் போட்டேன், வதக்கு என்றேன். மசாலா போட்டேன், வதக்கு என்றேன். கொதித்ததும் ஆச்சு என்றேன். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்கள். அக்கா எங்கே என்று.

அதோடு நான் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவளிடம் என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. அவள் மறப்பதில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டு மாடு கன்று போட்டது, யாருக்குப் பரீட்சை, எல்லாம் ஞாபகம் இருக்கும். முகம் தெரியாது. சில பேருக்கு போட்டோ இருக்கிற இடத்தில் பூ இருக்கும், சாமி இருக்கும். இந்த ரோசாப்பூ தம்பிக்கு முட்டி வலி எப்படி கீதோ என்று வெங்காயம் நறுக்கும்போது என்னைக் கேட்பாள். ரோசாப்பூ யார் என்று நான் கேட்டதில்லை. ஹோமில் அறுபது பிள்ளைகள் இருந்தார்களாம். சாப்பிட்டீங்களா என்று எல்லாரையும் சேர்த்துத்தான் கேட்பார்களாம். நீ சாப்ட்டியா என்று தனியாகக் கேட்டதில்லை என்று ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன எழுதினாலும் பதில் எழுதாமல் விட மாட்டாள். எண்பது பேர் எழுதினால் எண்பது பேருக்கும். இரண்டு தடவை சோறு அடிப்பிடித்தது. சமையல்காரன் வீட்டில் சோறு அடிப்பிடித்தது என்று வெளியே தெரிந்தால் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள். சொல்லிப் பார்த்தேன். வாசலில் வந்து நின்று ஒரு ஆள் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் உள்ளே போவாயா என்று கேட்டாள். நான் போவேன். சொல்லவில்லை.

இந்த வழக்கம்தான் எங்களை மாட்டிவிட்டது.

மாசி மாதம் ஒரு நாள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே பேசினாள். ஒரு அம்மா, பாப்பாவுக்கு ஏன் இன்னும் காதில் கம்மல் இல்லை என்று எழுதியிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே, காது ரெண்டும் கீது, கம்மல் கூட வாங்கிடலாம், குந்த வைக்க மடி தான் இல்ல என்றாள். சொல்லிவிட்டுப் பேச்சைக் குழம்புக்கு மாற்றினாள். பார்த்தவர்கள் மாறவில்லை. அன்று சாயங்காலத்துக்குள், நான் வரேன் அக்கா, நான்தான் மாமன், என் மடி இருக்கு என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். இவள் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். சரி தம்பி, வா. சரி நைனா, வா. சரிண்ணா, வாங்க. எல்லாருக்கும்.

நான் பார்த்தபோது முப்பது பேருக்கு மேல் மாமன் ஆகியிருந்தார்கள்.

இதெல்லாம் சும்மா எழுதுவது, யாரும் வர மாட்டார்கள் என்றேன். வாயைத் திறந்து வரேன் என்கிறவரை வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றாள். பங்குனியில் நாள் குறித்தாள். இரண்டு வருசமாகத் தள்ளிப்போட்டவள், ஒரே நாளில் குறித்தாள்.

எங்கள் பக்கம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தால்தான் அழைப்பு. பத்திரிகை கொடுத்தால்கூடப் பாதிதான். சொந்தக்காரர்களுக்கு நேரில் போனோம். போன்காரர்களுக்கு எங்கே போவது. அவள் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்தாள். போனுக்கு நேராக நீட்டினாள். கையில் வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வரும்போது வழியில் யாரைக் கேட்டாலும் என் வூட்டைக் காட்டுவார்கள் என்றும் சொன்னாள்.

எனக்கு ஒரே கவலை. எத்தனை இலை.

ஆள் கணக்குப் போடுவதில் நான் தப்பியதில்லை. எத்தனை வெற்றிலை பாக்கு போயிருக்கிறது, முகூர்த்த நாளா, மழையா, இதை வைத்து இத்தனை பந்தி என்று சொல்லிவிடுவேன். பத்து இலைகூட மாறாது. இதற்கு எப்படிக் கணக்கு. சாப்பாட்டைவிட அந்த மடிதான் பெரிய கணக்கு. முப்பது பேரை நம்பி ஒருவனும் வராமல் போனால், பங்காளி வீட்டு அத்தை பந்தியில் பேச இன்னொன்று கிடைக்கும். இந்தத் தடவை இவளால் சிரிக்க முடியாது.

போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். இரண்டு நாள் ஆனது. கண்டிப்பாக வருவேன் என்று எழுதியவர்களைத் தள்ளினேன். உயிர் இருந்தால் வருவேன் என்றவர்களையும் தள்ளினேன். விசேஷத்துக்கு வருகிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஒருவர், மதுராந்தகம் வந்து மாறணுமா, வந்தவாசி வழியா என்று கேட்டிருந்தார். ஒருவர், காலையில் செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார். எந்த பஸ் என்று கேட்கிறவன் வருவான். அப்படிக் கேட்டவர்கள் ஐந்து பேர்.

அவளிடம் சொன்னேன். ஐந்து. அதில் மூன்று வரலாம்.

"ஒத்தரு போதும்யா" என்றாள்.

நான் இன்னொரு காரியமும் செய்தேன். கூட்டாளியிடம், எதற்கும் வேட்டியைத் துவைத்து வை என்று சொல்லிவைத்தேன். அது அவள் காதுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் போகாமல் இருக்காது. அன்றைக்கு வீடியோவில் குழம்பு பற்றியே பேசவில்லை.

குலதெய்வம் ஏரிக்கரையில் அம்மன். விடிந்ததும் போனோம். புளிய மரத்தடியில் அடுப்பு வைத்தேன். கிடா வெட்டியாயிற்று. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். காது குத்துகிற பத்தர் ஒன்பதுக்கே வந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டை அடிக்கிறவரும் வந்துவிட்டார். போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். சாமி காரியத்தில் போன் எதற்கு என்று. அது என் தப்பு.

ஒன்பதரை ஆயிற்று. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஒன்பதே முக்கால். ஒரு டிராக்டர் போனது. அத்தை நிழலில் உட்கார்ந்துகொண்டு, மாமன் ஏரோப்ளேன்ல வராரா என்று கேட்டாள். இவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பத்து மணிக்குக் கூட்டாளி என் பக்கத்தில் வந்தான். வேட்டி வெள்ளையாக இருந்தது. இன்னா மாஸ்டர், குந்தட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். நான் அவளைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறு" என்றாள். என்னிடம் இல்லை. ரோட்டிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நடந்தது என்னவென்று பின்னால்தான் தெரிந்தது. மூன்று பேர் எட்டரைக்கே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறார்கள். தனித்தனியாக. ஒருவருக்கு ஒருவர் தெரியாது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று இவள் சொன்னாள் அல்லவா, கேட்டிருக்கிறார்கள். சேனல் பேரைச் சொல்லி. அந்தப் பேரில் யாரை யாருக்குத் தெரியும். மாஸ்டர் வூட்டம்மா என்று கேட்டிருந்தால் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர்கூடக் கையைக் காட்டியிருப்பார். ஊரில் தன்னை என்ன பேரால் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல இவளுக்குத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குப் பேஜாராகிவிட்டது. கையில் மாலையோடு ஒருவர் வந்து ஒரு பொம்பளையைக் கேட்கிறார். தெரியாது என்று அனுப்பினால் இன்னொருவர் மாலையோடு வந்து அதே பொம்பளையைக் கேட்கிறார். மூன்றாவது ஆளும் வந்தபோது, மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, இன்னாய்யா விசயம் என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் ஒருவர் போனை எடுத்து வீடியோவைக் காட்டியிருக்கிறார். டீக்கடைக்காரர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைப் பார்த்திருக்கிறார். விளிம்பில் சிவப்பு பெயிண்ட் அடித்த அண்டா. அவர் பெண் கல்யாணத்துக்கு அதில்தான் சாம்பார்.

இது மாஸ்டர் அண்டாவாச்சே, முன்னாடியே அண்டாவக் காட்றதுக்கு இன்னா என்று திட்டி, விசேஷம் ஏரிக்கரை அம்மன் கோயிலில் என்று சொல்லி ஷேர் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாராம்.

பத்தும் பத்து நிமிசமும் இருக்கும். ஏரிக்கரை மேல் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் மாலை இறங்கியது. பிறகு ஒரு தாம்பாளம். பிறகு ஒரு பெரியவர். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், திண்டிவனம். பின்னால் ஒரு லாரி டிரைவர், நாமக்கல். லோடை இறக்கிவிட்டு அப்படியே வந்திருக்கிறார். கடைசியாக, செங்கல்பட்டுப் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு ஆள், முப்பது வயது இருக்கும். கண்டக்டர் பொட்டுக் கம்மல் வாங்கி வந்திருந்தார். டிரைவர் வெள்ளிக் கொலுசு. கம்பெனிக்காரர் பட்டுப் பாவாடை, பத்து வயதுப் பெண் கட்டலாம்.

இவளைப் பார்த்ததும் கம்பெனிக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரோசாப்பூ அவர்தான்.

பெண்டுகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேஜார். மூன்று பேரும் மாலையோடு நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் இவள் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மற்றவர்கள் சும்மா எழுதியிருப்பார்கள், தான் ஒருவன்தான் மாமன் என்று மூவருமே நினைத்து வந்தவர்கள். பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய சண்டை ஆட்டோவிலும் நடந்திருக்கிறது. மூத்தவன் நான்தானே என்றார் கண்டக்டர். முதல் நாளிலிருந்து பேசுகிறவன் நான், அந்த அடுப்பு பற்ற வைக்காத ஆள் நான்தான் என்றார் டிரைவர். கம்பெனிக்காரர், ஒரு நாள் லீவுக்குச் சூப்பர்வைசரிடம் அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மடியில் வைக்கிற போட்டோ காட்ட வேண்டும் என்றார்.

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். தினமும் அத்தனை பேரோடு பேசுகிறவள் பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. உதடு சிரிக்கப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னிடம் எப்போது என்ன பேச்சு வந்திருக்கிறது.

பத்தர்தான் சொன்னார். வயசானவர். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"நேரம் போயிக்கினு கீது. தல ஒண்ணு. காது ரெண்டு. ஆளு மூணு. குந்துங்க."

அப்படியே நடந்தது. கண்டக்டர் மடியில் மொட்டை. பாப்பா அழவில்லை, அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் மடியில் வலது காது. அப்போது அழுதது. கம்பெனிக்காரர் மடிக்கு மாறியபோது விசயம் புரிந்துவிட்டது, அவர் கையைக் கடித்தது. இடது காதும் ஆயிற்று. கடிபட்ட கையோடு அவர் எடுத்த போட்டோவில் பாப்பா வாயும் அவர் வாயும் ஒரே மாதிரி திறந்திருக்கும்.

அத்தை சும்மா இருக்கவில்லை. கிட்டே வந்து மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மே, ஒனக்குக் கூடப் பொறந்தவங்க மொத்தம் எத்தினி பேரு?" என்று கேட்டாள்.

"தெரியலத்த" என்றாள் இவள். "இன்னும் ரெண்டு பேரு பஸ்ல கீறாங்க."

அந்த இரண்டு பேர் வரவே இல்லை. அது வேறு.

கூட்டாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை போடக் கிளம்பினான். சந்தோசமாகத்தான் கிளம்பினான். இவள் அவனைக் கூப்பிட்டு, மூத்தவனுக்கு மாமன் நீதானே, எங்க போற என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதல் பந்தியில் முதல் இலை அவனுக்கு. பக்கத்தில் அந்த மூன்று பேர். நான்கு இலைக்கும் அவளே பரிமாறினாள். வேறு யாரையும் விடவில்லை. சோறு மலை மாதிரி வைத்தாள். போதும் என்று இலையை மறைத்த கையை ஒதுக்கிவிட்டு வைத்தாள்.

நான் கறிக் குழம்பு வாளியோடு பின்னால் நின்றேன்.

கண்டக்டர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாப்ள, எல்லாம் சரி. கொழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

இருபத்திரண்டு வருசமாகச் சமைக்கிறேன். உப்பு கம்மி என்று எவரும் சொன்னதில்லை. அன்றும் கம்மி இல்லை. நான் வாயில் வைத்துப் பார்த்துத்தான் இறக்கினேன். கூட்டாளிக்குத் தெரியும். அவன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தான். டிரைவரும் ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, ஆமா மாமா, கொஞ்சம் கம்மிதான் என்றார். கூடப் பிறந்தவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்லாமல் எந்த மச்சான் எழுந்திருக்கிறான். நான் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் சொல்ல அன்றுவரைக்கும் ஆள் இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். என் குழம்பு அவளுக்குத் தெரியும்.

அவள் சோற்றுக் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க அண்ணன் சொன்னா கம்மியாத்தான் இருக்கும். போயி உப்பு எட்த்துக்கினு வா."

போனேன். உப்பைத் தட்டில் எடுத்துவந்து இலை ஓரத்தில் வைத்தேன். நாலு இலைக்கும்.